ஒரு விரற்கடை கீழே

அன்று அந்த அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். என் மாமனார், மாமியார், அடுத்த தெரு எலக்ட்ரீஷியன், நான், என் மனைவி. மனைவியை அறைக்குள் இருந்தவளாகச் சொல்லலாமா என்று எனக்கு இப்போதும் சந்தேகம் உண்டு. வெகுநேரம் அவள் வாசலுக்கு வெளியேதான் நின்றாள்; நிலையைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் உள்ளே இருந்தது. எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற ஆள் நான். ஒரு தடவை நாலு என்று வரும், ஒரு தடவை ஐந்து என்று வரும். ஐந்து என்றே வைத்துக்கொள்கிறேன்.

நடுவில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை. அதன் மேல் பொம்மை ரயில் ஒன்று ஓடும் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ஒரு ஆறு, ஒரு பாலம். பலகையின் மூலையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. நிஜத் தண்டவாளத்தை அடிக்கட்டையோடு இறுக்க அடிப்பது; ரயில்வேக்காரர்கள் அதைக் 'கீ' என்பார்கள். அதற்கு முந்தைய ஏழு நாளும் சாயங்காலமானால் அந்தக் கீயின் அடியில் என் கூலி எண்ணூறு ரூபாய் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அன்று எதுவும் இல்லை. எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொந்த மாமனாரிடம் கூலிக்குப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் மலைமேல் சூரியநெல்லிக்காரன். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சுற்றுலாக்காரர்கள் மிதிக்கும் பைபர் படகுகளுக்கு, ரெசின் என்கிற இறுகும் பிசினை ஊற்றி ஓட்டை அடைக்கும் வேலைக்குப் போனேன். படகுத்துறைக்குப் பக்கத்து ரிசார்ட்டில் கணக்கு எழுத வந்தவள்தான் என் மனைவி. அவளுக்கு ஊர் மலைக்குக் கீழே, சமவெளியில், நல்லேப்பிள்ளி. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் பூசைக்குப் போகிறவர்கள், அவர்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். அவளுடைய அப்பா சம்மதிக்கவில்லை. வீட்டை விட்டு வரும்போது அவள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். "நான் பொறந்தப்பவே வந்து பாக்காதவரு நீங்க. கல்யாணத்துக்கா வரப்போறீங்க?" அவர் வரவில்லை. அதன்பின் நாலு வருடம் அவளும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதில் கடைசி இரண்டு வருடம், அவளுடைய வேலைக்காக, நாங்கள் நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்துச் சித்தூரில்தான் வாடகைக்கு இருந்தோம். பஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரத்தில் அவர் வீடு.

ஒரு பங்குனி மாதம் எலக்ட்ரீஷியன் என்னைத் தேடி வந்தார். "அண்ணா, உங்க மாமனாரு ரெண்டு வருசம் முன்ன ரிட்டயர் ஆனதுல இருந்து ஒரு ரயிலு ஓட்டீட்டு இருக்கறாரு. ஒயரிங் நாந்தான் பண்ணுனேன். ரயிலு ஜோரா ஓடுது, ஆறு மட்டும் வறண்டு கெடக்குது. ரெசின்ல தண்ணி வெக்கத் தெரிஞ்ச ஆளு வேணுமாம். நாள் கூலி எண்ணூறு, சாமானெல்லாம் அவரு செலவு" என்றார். மாப்பிள்ளையை வரச்சொன்னாரா என்று கேட்டேன். "ஆளு வேணும்னாருங்க" என்றார். நாலைந்து நாள் தூங்காமல் யோசித்தேன். போனால் அவமானப்படுத்துவாரோ, போகாவிட்டால் அதுவே இன்னொரு பகையாகுமோ. மனைவியிடம் கேட்டேன். "வேலைக்குத்தான கூப்பிடறாரு, போங்க. நான் வரோணும்னா அவரு வாயால கூப்பிடோணும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

என் மாமனார் ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். தினமும் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு மைல் கணக்காகத் தண்டவாளத்தில் நடந்து, தளர்ந்த கீயை அடித்து இறுக்குவது அவர் வேலை. பாரதப்புழையின் மேல் உள்ள ஒரு பாலம் பதினாலு வருடம் அவர் பார்வையில் இருந்தது. மாறுதலாகிப் போன ஒரு எஞ்சினியர் தன் பிள்ளைகள் விளையாடி முடித்த ரயில் செட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போக, நெல் மூட்டை அடுக்குகிற அறையைக் காலி செய்து அதை அங்கே விரித்துவிட்டார். நான் போன அன்று, "வாங்க மேஸ்திரி. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். கொங்கு நாட்டு மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் மாப்பிள்ளை என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. நானும் மாமா என்று தொடங்கி, இடையில் பயந்துபோய், "சரிங்கய்யா" என்று முடித்தேன்.

பலகையைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தேன். ரயில் பெரிதில்லை, கடைகளில் கிடைப்பதுதான். ஆற்றங்கரைதான் அவர் கைவேலை. உடைந்த கூரையோட்டை அரத்தால் ராவி பதினேழு படிகள் வைத்த படித்துறை. துணி துவைக்கிற கல் மூன்று. அதில் ஒன்று நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. சாக்கு நூலைத் திரித்துச் செய்த கயிற்றில் மெழுகால் ஆன சின்னப் படகு, ஒரு வள்ளம், கட்டியிருந்தது. தேங்காய் நாரில் நாணல். பாலத்தின் நாலு தூண்களிலும் வெள்ளை வெள்ளையாக மட்டக் கோடுகள், மேலே அபாயத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. பாலத்து முனையில், கட்டைவிரல் நகத்தை விடச் சிறிய ஒரு ஆள், குடை பிடித்து உட்கார்ந்திருந்தான். இவ்வளவும் வைத்திருந்த மனிதருக்குத் தண்ணீர் மட்டும் கைவரவில்லை. பசை ஊற்றிப் பார்த்திருக்கிறார், வெளுத்துவிட்டது. கண்ணாடி வைத்திருக்கிறார், கூரையைத்தான் காட்டியது.

படித்துறையின் அடிப்பக்கம் இன்னும் புதிதாகத் தெரிந்தது. நான் வீட்டிலிருந்து பழைய தேயிலைச் சக்கையைக் காயவைத்துக் கொண்டுபோய்ப் பொடித்து, படியின் இடுக்குகளில் பாசிபோல ஒட்டினேன். டிகாஷனைத் தூரிகையில் தொட்டுத் தூண்களில் ஈரக்கறை போட்டேன். அவர் குனிந்து பார்த்து, "இது நமக்குத் தோணலீங்களே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று இரவு நான் தூங்கினேன். மறுநாள் ரெசினில் கொஞ்சம் நீலம் கலந்து காட்டியபோது முகம் மாறிவிட்டது. "ஏனுங்க மேஸ்திரி, மலைமேல தண்ணியெல்லாம் நீலமாத்தான் இருக்குமா? நமக்கு இது வெள்ளம் வந்த தண்ணி. டீத்தண்ணி நெறத்துல வேணும்." பிறகு தூணில் விரலை வைத்துக் காட்டினார். "செவப்புக் கோட்டுக்கு ஒரு வெரக்கடை கீழ நிக்கோணும். ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது." ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்தப் பாவத்தைச் செய்தேன். ரெசினோடு ஹார்டனர் என்ற மருந்தைச் சொட்டுக் கணக்கில் கலந்தால்தான் அது இறுகும். சூரியநெல்லிக் குளிரில் சீக்கிரம் இறுகாது என்று நாங்கள் சொட்டைக் கூட்டிவிடுவோம். என் கை பழகியது அந்தக் கணக்கில். போதாததற்கு, இறுகாமல் பிசுபிசுத்துப் போனால் இந்த வீட்டில் என் மானம் போகுமே என்ற பயத்தில் இன்னும் பத்துச் சொட்டு விட்டேன். ஊரோ நல்லேப்பிள்ளி, மாதமோ பங்குனி, ஓட்டுக்கூரையின் கீழ் உச்சிப் பொழுது. ஒன்றரை இஞ்ச் ஆழத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினேன். பத்து நிமிடத்தில் ஆறு சூடானது. தொட்டால் கை பொசுங்குகிற சூடு. புகை கிளம்பியது, நெடி மூக்கைப் பிடுங்கியது. பிறகு, காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். கரையிலிருந்து கரை வரைக்கும் ஒரு விரிசல். வள்ளம் உருகி ஒருபக்கம் சாய்ந்துகிடந்தது.

"ஆத்துல தீப்புடிச்சு இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்" என்றார் எலக்ட்ரீஷியன். யாரும் சிரிக்கவில்லை. மாமனார் சுவரில் மாட்டியிருந்த பழைய சுத்தியலை எடுத்து வந்தார். என்னைத்தான் அடிக்கப்போகிறாரோ என்று ஒரு கணம் உண்மையிலேயே நினைத்தேன். அவர் குனிந்து, சுத்தியலின் ஓரத்தால் ஆற்றை மெல்லத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே கரை நெடுகப் போனார். தண்டவாளத்தில் எங்கே பழுது என்று சத்தத்தில் கண்டுபிடித்த காது அது. "அடிவரைக்கும் போயிருக்குது. பேத்தெடுத்துட்டு மறுக்கா ஊத்தலாமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் கீயின் அடியில் எண்ணூறு ரூபாய் இருந்தது. வேண்டாம் என்றேன். "கெட்ட வேலைக்கும் பொழுது போயிருக்குதுங்களே" என்றார்.

மறுநாள் உளியை வைத்து இறுகிய தண்ணீரைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். மோர் கொண்டுவந்த மாமியார் போகாமல் நின்றார். "தம்பி, அவரு அந்த மட்டத்த ஏன் புடிச்சுட்டு நிக்கறாருன்னு தெரியுமா?" என்றார். "எம் புள்ள பொறந்த வருசம் ஆடியில பெருவெள்ளம். பாலத்துல வாட்ச்மேன் போட்டிருந்த ஆளு காய்ச்சல்னு போயிட்டான். இவரை உக்கார வெச்சுட்டாங்க. தண்ணி செவப்பத் தொட்டா ரயில நிறுத்தோணும். தொடல. ஒரு வெரக்கடை கீழயே நின்னுச்சாம், எறங்கவும் மாட்டேங்குது, ஏறவும் மாட்டேங்குது. மூணு நாளு எந்திரிச்சு வர முடியல. இங்க நான் பெத்துட்டுக் கெடந்தேன். எனக்குக் கோவம். அந்தக் கோவத்தையே சொல்லிச் சொல்லிப் புள்ளய வளத்திட்டேன். அவ கெளம்பற அன்னிக்கு அதையே எடுத்து அவரு மூஞ்சில அடிச்சுட்டா."

ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல அந்த மனிதர் இரண்டு வருடம் ஓட்டை ராவிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பதிலின் கடைசிச் சொல்லைத்தான் நான் பத்துச் சொட்டுப் பயத்தில் உடைத்திருக்கிறேன். வாயைத் திறந்து மகளிடம் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்குச் சுலபமாக எழுதிவிடலாம். எனக்கே சொல்ல வேண்டிய எத்தனையோ சொற்கள் தொண்டையில் தங்கிப்போயிருக்கின்றன. அவரை நான் என்ன சொல்ல.

ஐந்தாம் நாளிலிருந்து மெல்லிய அடுக்குகளாக ஊற்றினேன். நாளுக்கு ஒரு அடுக்கு, சொட்டுகளை எண்ணி ஒரு தாளில் எழுதி, அதை இரண்டு தடவை சரிபார்த்து. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உருகிய வள்ளத்துக்குப் பதில் இன்னொன்று செய்துகொண்டிருப்பார். அதிகம் பேச்சில்லை. ஏழாம் நாள் மட்டும் திடீரென்று, "ஊட்டுல நல்லா இருக்கறாங்களா?" என்று கேட்டார், யாரோ மூன்றாம் வீட்டுப் பெண்ணைக் கேட்பதுபோல. "நல்லா இருக்கா. கொஞ்சம் கோவம் சாஸ்தி" என்றேன். "அது அவிங்க அம்மா சீதனமுங்க" என்றார். நான் அந்த வீட்டில் முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

எட்டாம் நாள் காலை கடைசி அடுக்கு. மதியத்துக்குள் இறுகிவிட்டது. தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில், சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே, அசையாமல் நின்றது. அவர் பலகையின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "உங்க போன் குடுங்க." நம்பரை நானே போட்டுக் கொடுத்தேன். போனை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு மேலே பேசுகிறவர்போலச் சத்தமாகச் சொன்னார்: "கண்ணு, அப்பன் பேசறேன். ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போ சாமி." மறுபக்கம் என்ன பதில் என்று கேட்காமலே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இணைப்பிலேயே இருந்தது. காதில் வைத்துப் பார்த்தேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது.

ஐந்து மணிக்கு வந்தாள். முதலில் சொன்னேனே, வாசலுக்கு வெளியே நின்றாள். அவள் கண் படித்துறையில் இறங்கி, வள்ளத்தைத் தாண்டி, பாலத்து முனைக்குப் போனது.

"அங்க கொடை புடிச்சுட்டு உக்காந்திருக்கறது ஆரு?"

"நாந்தான்" என்றார்.

அவள் உள்ளே வந்தாள். குனிந்து, தூணில் தண்ணீருக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே தன் விரலை வைத்து அளந்து பார்த்தாள். அந்த மட்டத்தின் கதையை நான் அவளிடம் நாலு நாளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அப்போதும் அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். இப்போது, "மூணு நாளும் இங்கயேவா உக்காந்திருந்தீங்க?" என்றாள்.

"ரெண்டரை நாளு. அப்பறம் தண்ணி எறங்கீருச்சு."

"சோறு?"

"ரயில்வே கேட்டுக்காரரு ஊட்டுல இருந்து வந்துச்சு."

அவள் நிமிரவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த ரயிலைக் காட்டி, "இது எதுக்கு நிக்குது?" என்றாள். "நீ சொன்னா உடலாம்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். எலக்ட்ரீஷியன் சுவிட்சைத் தட்டினார். ரயில், ஆள் நடக்கிற வேகத்தில், பாலத்தைக் கடந்து போனது. மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனார்.

கிளம்பும்போது மணி ஏழு. கீயின் அடியில் ஒன்றும் இல்லை என்பதை மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். மறந்துவிட்டாரா, முதல் ஊற்றில் கெட்டுப்போன ரெசினுக்குக் கழித்துக்கொண்டாரா, ஏதாவது கோபமா. பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருக்க, நான் பாவி அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போனோம், அதற்கடுத்த ஞாயிறும் போனோம். மூலையில் இரும்பு மட்டும் இருந்தது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மாமியாரிடம் மெல்லக் கேட்டேன். கூச்சத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நானும் கேட்டனுங்க தம்பி, எட்டாம் நாளு கூலி குடுக்கலியான்னு. மாப்பிள்ளைக்கு ஆராச்சும் கூலி குடுப்பாங்களாடின்னு என்னைய வையறாரு."

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அறை அப்படியே இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து நல்லேப்பிள்ளிக்குப் போனால், ஈரத்துணியால் ஆற்றைத் துடைப்பது என் வேலை. ரெசின் வருடத்துக்கு வருடம் மஞ்சளாகப் பழுத்து வருகிறது. வெள்ளத் தண்ணீருக்கு அது பொருத்தம்தான். ஆனாலும் எனக்குப் பயம் விடுவதில்லை. அவருடைய சுத்தியலை எடுத்து ஓரத்தால் மெல்லத் தட்டிக் காதைச் சாய்க்கிறேன். அவர் அளவுக்கு எனக்குக் காது இல்லை. இதுவரை விரிசல் எதுவும் கேட்கவில்லை. துடைத்து முடித்ததும் மூலையில் இருக்கிற கீயை ஒருதரம் தூக்கிப் பார்ப்பேன். அடியில் பலகையின் பச்சைப் பெயின்ட் மட்டும் மங்காமல் இருக்கிறது. இரும்பை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். ஏழு நாள் கூலி வாங்கிவிட்டேன். எட்டாம் நாளுக்கு அவர் எனக்குத் தர வேண்டியது இன்னும் பாக்கி நிற்கிறது, எண்ணூறு ரூபாய்.