டேப்பின் அந்த முனை

நீங்கள் நம்பப் போவதில்லை, தெரியும். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுச் சிரிக்கிற ஆள்தான் நானும். பழைய கட்டடங்களை அளந்து வரைபடத்துக்குக் கொடுப்பது என் பிழைப்பு, எத்தனையோ இருட்டறைக்குள் புகுந்து வந்தாயிற்று, வௌவாலைத் தவிர எதுவும் என்மேல் பட்டதில்லை.

தஞ்சாவூர் அரண்மனையில் தர்பார் மண்டபத்தை அளந்துகொண்டிருந்தோம். நாயக்கர் காலத்துக் கட்டு, அதன்மேல் மராத்தியர் காலத்துப் பூச்சு, ஒரு தூணின் பருமன் இன்னொன்றுக்கு இருக்காது, ஒவ்வொன்றாக அளந்தாக வேண்டும். பாதி வேலையில் ரஃபீக் பாய் தரங்கம்பாடியில் தன் வீட்டில் மாரடைப்பில் போய்விட்டார். பதினோரு வருடம் டேப்பின் அந்த முனையைப் பிடித்தவர். அடக்கத்துக்குப் போய் நின்றேன். அழுகை வரவில்லை, மரத்துப் போயிருந்தேன். அவர் இடத்தில் வேறு ஆளைப் போடுவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். வேண்டாம், தனியாகவே முடிக்கிறேன் என்று வீம்பு பிடித்தேன்.

தனியாக அளக்கப் போன அன்று பட்டப்பகல், பன்னிரண்டு மணி இருக்கும். டேப்பின் நுனியில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுத் தூணின் இந்தப் பக்கம் வந்தேன். அந்த முனை தூணுக்கு மறைவு. டேப் இரண்டு தரம் வெடுக்கென்று இழுபட்டது. 'பிடித்துவிட்டேன், படி' என்பதற்குப் பாய் அப்படித்தான் இழுப்பார். படித்தேன், எழுதினேன், அடுத்த தூணுக்கு நகர்ந்தேன். செங்கல்லை நான் நகர்த்தவே இல்லை, அந்த முனையும் கூடவே நகர்ந்து வந்தது. வரிசை முழுக்க இப்படியே. பயம்கூட வரவில்லை, அதுதான் வெட்கம்.

மறுவாரம் வரைபடம் போடும் கவிதா கேட்டாள். "அண்ணே, இந்த ஒரு வரிசை மட்டும் எல்லாமே பத்து சென்டிமீட்டர் கூட வருது. எப்படி அளந்தீங்க?"

எங்கள் டேப்பின் நுனி நைந்து போனது. அதனால் பாய் எப்போதும் பத்தாவது சென்டிமீட்டரில்தான் பிடிப்பார், நான் எழுதும்போது பத்தைக் கழித்துவிடுவேன். அன்று நுனியில் இருப்பது செங்கல்தானே என்று கழிக்கவில்லை.

"என் தப்பும்மா, பத்தைக் கழிச்சுடு" என்றேன்.

இதை நீங்கள் கைப்பிழை என்று தள்ளலாம், நானும் தள்ளிப் பார்த்தேன். தள்ள முடியாதது வேறு. கடைசித் தூண் முடிந்ததும் பழக்கத்தில், "போதும் பாய், விடுங்க" என்றேன். சொன்னதும் விட்டுவிடுகிறவர். அன்று விடவில்லை. மறுபடி சொன்னேன். டேப் விறைப்பாகவே நின்றது. தூணைத் தாண்டி எட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன், அப்போதுதான் அழுகை வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கடைசியில் நான்தான் விட்டேன்.