என் மகளின் ருகூ

என் மகள் நஸ்ரின் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், ரமலானில் ஒரு நாள் மாலை அசர் தொழுகையை முடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவள் ருகூவில் குனிந்து நின்றாள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாக எழும்பியிருந்தது. அவள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை பொறுத்திருந்து சத்தம் போட்டேன். "ருகூல முதுகு பலகை மாதிரி இருக்கணும்னு எத்தினி வாட்டிடி சொல்றது?"

"நேராத்தாம்மா வெச்சிக்கினு இருக்கேன்" என்றாள்.

துணியை விலக்கிப் பார்த்தேன். முதுகெலும்பு பாம்புபோல் வளைந்து கிடந்தது.

நைனார்பாளையத்திலிருந்து என் நாத்தனார், கல்வராயன் மலை மூலிகை எண்ணெய் என்று ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். தேய்த்தோம். வீடெல்லாம் நாறியதுதான் மிச்சம். நாத்தனார் தங்கமானவர், எண்ணெய்தான் சரியில்லை. தொழுகைக்குத் தொழுகை ஒரே துஆ கேட்டேன்: "யா அல்லாஹ், என் பிள்ளை முதுகு இனி வளையக் கூடாது." அது இன்னும் வளைந்தது. படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. சகோதரிகளே, என் துஆ வழியிலேயே நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து முதுகை நிமிர்த்தி எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்றார். நரம்பு பாதித்தால் கால் செயலிழக்கும் ஆபத்து கொஞ்சம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. "ஆபரேஷன் பண்ணிட்டா அந்த இடம் அப்புறம் வளையாது" என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியா, வளையாதாம்! உன் துஆ அதே வார்த்தைல கபூலாயிடுச்சி, அல்லா ஏத்துக்கினான்!"

நான் அழுதேன்.

"இன்னா, நல்ல சேதிக்கு அழுதுகினு இருக்க?"

"முதுகு வளையலன்னா எம்புள்ள எப்டிங்க தரையில நெத்தி வெச்சி சஜ்தா பண்ணுவா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே திரும்பிப் போய்க் கேட்க இரண்டு பேருக்கும் கூச்சம். கால் பிழைக்குமா என்று கவலைப்பட வேண்டிய இடத்தில் இதை எப்படிக் கேட்பது? நஸ்ரின்தான் என் கண்ணைத் துடைத்தாள். "சேர்ல உக்காந்து தொழுதாலும் அல்லா ஏத்துக்குவான். நீ அழாதம்மா."

ஆபரேஷன் அன்று துஆவை மாற்றினேன். "யா அல்லாஹ், அவள் நடக்க வேண்டும். அவள் நெற்றி தரையில் பட வேண்டும்." மயக்கம் தெளிந்ததும் கால் விரல்களை அசைக்கச் சொன்னார்கள். அசைத்தாள்! நான் அங்கேயே சஜ்தாவில் விழுந்தேன். எனக்குத்தான் மயக்கம் என்று நினைத்து நர்ஸ் தண்ணீரோடு ஓடி வந்தார்.

வலி லேசில் விடவில்லை. பல மாதம் நாற்காலியில் உட்கார்ந்தே தொழுதாள். பிறகு எக்ஸ்ரே பார்த்து, எலும்பு சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். நாங்கள் கேட்கக் கூசியதை அவளே கேட்டாள். "தரையில குனிஞ்சி தொழலாமா சார்?"

"தாராளமா. கம்பி மேல்முதுகுலதானே இருக்கு? நீ குனியறது இடுப்புலம்மா."

இதைக் கேட்காமல் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்!

அன்று வீட்டில் அவள் ருகூவுக்குக் குனிந்தபோது நான் மூச்சுவிடவில்லை. இடுப்பு மடங்கியது, முதுகு பலகையாக நின்றது. பிறகு சஜ்தாவில் அவள் நெற்றி பாயைத் தொட்டது. வளையக் கூடாது என்றும் கேட்டேன், குனிய வேண்டும் என்றும் கேட்டேன். இரண்டையும் ஒரே உடம்பில் கொடுத்தான் என் ரப்பு. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஒரு தோள் இன்னும் சற்று உயரம்தான். பனிக்காலத்தில் முதுகு வலிக்கும். ஆனால் மூச்சு வாங்குவதில்லை, துப்பட்டாவுக்குள் ஒளிவதுமில்லை. சகோதரிகளே, பிள்ளையின் முதுகில் மேடு தெரிந்தால் எண்ணெயைத் தேடாதீர்கள், டாக்டரிடம் போங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். அல்லாஹ்விடமும் அப்படியே கேளுங்கள். நமக்குச் சரியாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் அவனுக்குக் கொடுக்கத் தெரியும்.

எனக்கு வயதாகிறது, குனிந்தால் முதுகு கூன் போடுகிறது. நேற்று தொழுது முடித்ததும் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ருகூல முதுகு பலகை மாதிரி இருக்கணும்னு எத்தினி வாட்டிம்மா சொல்றது?"