கயிற்றின் மேல்முனை

வெள்ளம் வடிந்ததும் எங்கள் பிரதேச சபை உறுப்பினர் அரியாலையில் வீடு வீடாகப் போய், சேறு அடைந்த கிணறுகளை இறைத்துக் கொடுத்தார். எல்லாம் பேஸ்புக்கில் படம் போடத்தான் என்று எனக்கு நிச்சயம். தேர்தலில் அவருக்கு எதிராக வேலை செய்தவன் நான். கையும் களவுமாகப் பிடிக்கத்தான், அவர் பக்கத்து வீட்டுக்கு வந்த அன்று அங்கே போனேன்.

படமெடுக்க அங்கே ஒருவரும் இல்லை. இடுப்பில் கயிற்றோடு அவர் கிணற்றுக்குள் பாதி இறங்கியிருந்தார். மேலே கயிற்றைப் பிடித்திருந்த வீட்டுக்கார அக்காவுக்குக் கை வழுக்கியது.

"தம்பி, பாத்துக்கொண்டு நிக்காமல் ஓடிவந்து பிடியும்!"

பிடித்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆர், நீரே? அப்ப சரி, இறங்கிறன்."

சுவரிலிருந்து கையை எடுத்தார். முழுப் பாரமும் என் கைக்கு வந்தது.

அவரில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், என்னை நம்பி அந்தக் கிணற்றில் இறங்கியிருக்க மாட்டேன்.