உட்காரச் சொன்ன கிராணியார்

எங்கள் தோட்டத்தில், கணக்கும் ஆளும் பார்க்கிற குமாஸ்தாவான கிராணிக்கு முன்னால் யாரும் உட்கார்ந்தது கிடையாது. அவருடைய மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியே போட்டிருக்க மாட்டார்கள். போனவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றுகொண்டே இருக்கவேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பேக்டரிக் கிராணியார் இரண்டு முக்காலிகளைத் தாமே தூக்கிவந்து எதிரெதிராகப் போட்டு, என்னையும், ரப்பர் ஷீட்டைத் தரம் பிரிக்கிற மேசைக்கார அக்காவையும் பார்த்து, "உக்காருங்க" என்றார். நானும் உட்காரவில்லை, அக்காவும் உட்காரவில்லை. அக்கா நின்றால் நானும் நிற்பேன் என்று எனக்கு வீம்பு. அக்காவுக்கும் அதே வீம்பு என்பது அவர் முந்தானையை இழுத்துச் செருகிய வேகத்திலேயே தெரிந்தது. கிராணியார், "நீங்க நின்னா நானும் நிக்கணும். எனக்குக் காலு வலிக்குது" என்றார். பிறகுதான் உட்கார்ந்தோம்.

இது எழுபதுகளின் கடைசியில், கோலா கெத்தில் என்ற ஊருக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது. நான் அங்கே புகைக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்திலிருந்து வரும் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுப்பார்கள். அந்த ஈர ஷீட்டுகள் மூங்கில் கழிகளில் தொங்கியபடி என்னிடம் வரும். அறை அறையாகப் பிரித்துத் தொங்கவிட்டு, சில நாள் விறகுப் புகையில் காயவைப்பேன். தேன் நிறத்துக்கு வந்ததும் அவை அக்காவின் மேசைக்குப் போய்விடும். அது கண்ணாடி பதித்த மேசை. அடியிலிருந்து வெளிச்சம் வரும். ஷீட்டை விரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற குறையெல்லாம் தெரிந்துவிடும். தீ குறைவாக இருந்திருந்தால் நடுவில் வெள்ளைத் திட்டு நிற்கும், அதைப் பச்சை என்போம். ஈர ஷீட்டுக்கு எடுத்த எடுப்பிலேயே தீயை ஏற்றிவிட்டால் கொப்புளம் கட்டிவிடும். பச்சையானாலும் கொப்புளமானாலும் தரம் இறங்கிவிடும். அக்கா பெண்களோடு சேர்ந்து அதையெல்லாம் பிரித்து அடுக்குவார். தரம் பிரிப்பதில் அவர் சொன்னதுதான் சட்டம்.

எங்களுக்குள் முதலில் ஒரு சண்டையும் இல்லை. கொட்டகையை ஒட்டித்தான் என் வீடு. தீயைப் பார்க்கிறவன் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடு அது. அக்கா காலையில் வேலைக்கு வருமுன் என் வீட்டுக்குள் நுழைந்து, என் மனைவி கொடுக்கிற தேநீரைக் குடித்துக்கொண்டே, "தம்பி, அந்தக் கடைசி அறைய கொஞ்சம் பாரு" என்பார். சில நாள் கொட்டகைக்குள்ளேயே வந்து ஷீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த வருஷம் மழை அதிகம். விறகு நனைந்து, ஓர் அறை முழுக்கப் பச்சையாகப் போய்விட்டது. அக்கா அதையெல்லாம் கீழ்த் தரத்தில் தள்ளிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. கோபம் என்றால் எனக்கு மூக்கு நுனியில்தான். அன்று சாயங்காலம் சீனர் கோப்பிக் கடையில், நாலு பேர் நடுவில், "கண்ணாடி மேசை போட்டுக் குடுத்தா பத்தாது, அதுல பாக்குற ஆளுக்கும் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிப் போடணும்" என்று சொன்னேன். நாலு பேரும் சிரித்தார்கள். தோட்டத்தில் பேச்சுக்குக் கால் உண்டு. நான் வீடு திரும்புவதற்குள் அந்தப் பேச்சு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் அக்கா தேநீருக்கு வரவில்லை. அதன் பிறகு எங்களுக்குள் தம்பியும் இல்லை, அக்காவும் இல்லை. அவருக்கு நான் 'அந்தாளு', எனக்கு அவர் 'அந்தம்மா'. சொல்லவேண்டியதை ஷீட்டுத் தூக்கிப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினோம். "பச்சையா இருக்காம்" என்று சேதி வரும். வைக்கிறேன் பார் என்று நான் தீயை ஏற்றுவேன். சில நாள் கழித்து, "கொப்புளம் கட்டியிருக்காம், கண்ண மூடிக்கிட்டு எரிக்கிறாரான்னு கேக்கச் சொன்னாங்க" என்று வரும். தீயை இறக்குவேன். மறுபடியும், "பச்சையாம்." என்ன செய்தாலும் குறை என்றால் வேறென்ன நினைக்க முடியும்? வேண்டுமென்றே என்னை மட்டம் தட்டுகிறார் என்று நினைத்தேன். நான் வேண்டுமென்றே கெட்ட ஷீட்டை அனுப்பி அவர் பெயரைக் கெடுக்கிறேன் என்று அவர் நினைத்தார். உருளை ஓட்டுகிறவர்கள் என் பக்கம், மேசைப் பெண்கள் அவர் பக்கம் என்று பேக்டரியே இரண்டாகப் போனது.

கடைசியில் விஷயம் தோட்ட மேனேஜரான துரையின் காதுக்கு எட்டியது. அவர் கிராணியாரைக் கூப்பிட்டு, மாதம் முடிவதற்குள் இரண்டு பேரில் ஒருவரை மாற்றிவிடும்படி சொல்லிவிட்டார். யாரை என்பதைக் கிராணியாரே முடிவு செய்துகொள்ளலாமாம். அக்காவை மாற்றினால் அவர் வெயிலில் புல்லு வெட்டப் போகவேண்டும். என்னை மாற்றினால் எனக்கு வெளிக்காட்டிலும் இடமில்லை, பாலுக்கு மரம் வெட்ட ஆள் நிறைந்திருந்தது. வேலை போனால் வீடும் போகும். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். தலைப் பிள்ளை. சேதி கேட்ட அன்றே அவள் பாத்திரங்களைப் பழைய சேலைகளில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். சமையலுக்கு இரண்டு சட்டியை மட்டும் வெளியே வைத்திருந்தாள். அந்த மூட்டைகளைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன்.

கிராணியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட இளையவர். சுங்கைப் பட்டாணி ஊர்க்காரர், வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் பூசைக்குப் போய்விடுவார். பெரிய தைரியசாலி என்று சொல்ல முடியாது. துரையின் மோட்டார் காடிச் சத்தம் கேட்டால் மேசைக்கடியில் கழற்றிப் போட்ட சப்பாத்தைத் தேடி மாட்டுவார். யாராவது கத்திப் பேசினால் அவருக்கு ஆகாது, முகம் சுருங்கிப் போகும். என்னை மாற்றினாலும் அக்காவை மாற்றினாலும் அவரை யாரும் கேட்கப் போவதில்லை. அதைச் செய்யாமல் ஏன் எங்களோடு மல்லுக்கட்டினார் என்று பின்னாளில் ஒருமுறை கேட்டேன். "ஒருத்தர மாத்துனா மத்தவங்கமேல தப்பே இல்லன்னு ஆயிரும். அது எனக்குத் தெரியாதே" என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

முதலில் தனித்தனியாகத்தான் வந்தார். கொட்டகைக்கு வந்து விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அவித்த கச்சான் கடலையை எடுத்து உரித்துக்கொண்டு, என்னைப் பேசவிட்டார். யார்மேல் தப்பு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. "இதுல உங்களுக்கு எதுக்குப் பயம்?" என்று கேட்டார். பயமாவது ஒன்றாவது என்று சொல்ல வாயெடுத்தவன், வீட்டைப் பற்றியும் மூட்டையைப் பற்றியும் சொல்லி முடித்தேன். "இத அவங்ககிட்ட சொல்லலாமா?" என்றார். கூடாது என்றேன். அவர் சொல்லவும் இல்லை. அக்காவிடமும் இதேபோலப் பேசியிருக்கிறார். அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதும் என் காதுக்கு வரவில்லை. வாய் ஓட்டையான அந்தத் தோட்டத்தில் அது ஓர் அதிசயம்.

அதற்குப் பிறகுதான் அந்த முக்காலிகள். மதியம் உருளைகள் நின்று, மேசைப் பெண்களும் வீட்டுக்குப் போனபின், தரம் பிரிக்கும் அறையிலேயே எங்களை வைத்துக்கொண்டார். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக்கூடாது. பேசி முடித்ததும் மற்றவர், தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் 'ஆமா, அதான்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல இது என்ன கூத்து என்று எனக்குத் தோன்றியது.

அக்கா முதலில் பேசினார். "பச்சையா இருந்தா பச்சைன்னுதான் சொல்லணும். நான் மறைச்சா வாங்குறவன் திருப்பி அனுப்புவான். அப்ப தொரை என் கண்ணத்தான் சொல்லுவாரு. இவரு கோப்பிக் கடையில சொன்னது வேற இருக்கு. என்னைய காட்டுக்கு அனுப்புனா நான் எப்படிப் போவேன்? எனக்கு முட்டி மடங்காது. குனிஞ்சா நிமிர முடியாது."

கிராணியார் என்னைப் பார்த்தார். "என்னைய குத்தம் சொல்றாங்க" என்றேன்.

"அது நீங்க நெனச்சது. அவங்க சொன்னத சொல்லுங்க."

மறுபடி ஆரம்பித்தேன். பச்சை, வாங்குகிறவன், துரை, கோப்பிக் கடை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தேன். முட்டிக்கு வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. அவருக்கு முட்டி வலி என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அவர் நின்றுகொண்டே வேலை செய்வதைத் திமிர் என்று நினைத்திருந்தேன். அக்கா தரையைப் பார்த்தபடி, "ஆமா, அதான்" என்றார்.

பிறகு என் முறை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் தடுத்து வைத்திருந்த வீட்டுக் கதையை நானே சொன்னேன். "நீங்க பச்சைன்னு சொல்லி அனுப்பினா அன்னைக்கே தீய ஏத்துறேன். கொப்புளம்னா அன்னைக்கே இறக்குறேன். இதுக்குமேல ஒரு மனுஷன் என்ன செய்வான்? நான் இந்த நெலமையில எங்க போவேன், அவள கூட்டிக்கிட்டு" என்றேன். அக்கா அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். "வீடு போயிரும்னு பயப்படுறாரு. வீட்டுல புள்ளத்தாச்சி. நான் பச்சைன்னு சொன்னா அன்னைக்கே தீய ஏத்துறாராம்..." அங்கே நிறுத்தினார். கிராணியாரின் சட்டத்தை மறந்து நேராக என்னைக் கேட்டார்.

"எந்த ஷீட்டுக்கு ஏத்துனீங்க?"

"அப்ப உள்ள தொங்குனதுக்கு."

"நான் சொன்னது அது இல்லயே. என் மேசைக்கு வந்தது, அதுக்கு முன்னாடியே காஞ்சு வெளிய வந்தது."

கிராணியாருக்குப் புரியவில்லை. "திரும்பச் சொல்லுங்க" என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவருக்கு விளக்க ஆரம்பித்தோம். அக்கா பச்சை என்று சொன்னது போன தடவை வெளியே வந்த ஷீட்டை. நான் தீயை ஏற்றியது புதிதாக உள்ளே வந்து சொட்டச் சொட்டத் தொங்கிய ஷீட்டுக்கு. அது கொப்புளம் கட்டி மேசைக்கு வருவதற்குள் உள்ளே வேறு ஷீட்டு ஏறியிருக்கும். கொப்புளம் என்ற சேதி வந்ததும் அதற்குத் தீயைக் குறைத்துப் பச்சையாக்கி அனுப்புவேன். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மருந்து கொடுத்த கதை. முன்பு அக்கா கொட்டகைக்கே வந்து, இந்த அறை, அந்த அறை என்று கையை வைத்துக் காட்டுவார். பேச்சு நின்றபிறகு வந்ததெல்லாம் 'பச்சையாம்' என்ற ஒற்றைச் சொல்தான். எந்த அறை, எப்போது ஏறியது என்று கேட்க எனக்கும் ரோஷம் விடவில்லை. இரண்டு பேரும் நல்ல வேலைக்காரர்கள்தான். சேர்ந்து செய்த வேலை மட்டும் நாறிப்போயிருந்தது.

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போலிருந்தது. அந்த அம்மாள் என்னைக் கெடுக்க நினைக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பகைத்துக்கொண்டு ஒரு கொட்டகையில் வேலை செய்வது, விறகு சுமப்பதைவிடக் களைப்பான வேலை.

இனிமேல் என்ன செய்வது என்று கிராணியார் எங்களையே கேட்டார். அக்கா பழையபடி காலையில் கொட்டகைக்கு வருவது என்று முடிவாயிற்று. ஒவ்வோர் அறைக் கழிக்கும் ஒரு நிறத்தில் துணி கட்டுகிறேன் என்று நான் சொன்னேன். மூன்றாம் ஆளிடம் சேதி அனுப்புவதில்லை. அப்புறம் கோப்பிக் கடைப் பேச்சு. அதற்கு என்ன வேண்டும் என்று கிராணியார் கேட்டதும் அக்கா யோசிக்கவே இல்லை. "அதே கடையில, அதே ஆளுங்க முன்னாடி" என்றார். போனேன். சிரித்த அந்த நாலு பேரும் இருக்கும் நேரம் பார்த்து, "மேசைக்கார அக்காவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் வாய் கோணல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடை முதலாளியான தவுக்கே என்ன ஏதென்று புரியாமல் எனக்கு ஒரு கோப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

என் மகள் இப்போது கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையில் ஆள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். இரண்டு பேர் சண்டை போட்டால் எப்படி உட்காரவைத்துப் பேசுவது என்று அந்த வேலையில் இருப்பவர்களுக்கு வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள். கிராணியார் செய்ததைச் சொன்னேன். "யாருப்பா அவருக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், சத்தம் பிடிக்காத மனுஷர் என்றேன். அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. கிராணியாரும் மாற்றலாகிப் போய், பிறகு தகவல் இல்லை. அவரிடம் ஒருநாளும் நன்றி என்று நான் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது.

நாங்கள் பேசி முடித்த அந்த மாதக் கடைசியில் துரை பேக்டரிக்கு வந்தார். நான் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. பேசியபின் ஏறிய ஷீட்டுகள்தான் அன்று மேசையில் இருந்தன. அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், இன்னொன்றை எடுத்தார், கிராணியாரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கிராணியார் இரண்டே சொல்லில் பதில் சொன்னார். காடி கிளம்பிப் போனது. அக்கா அறையிலிருந்து இறங்கி வந்தார். என்னிடம்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல என் வீட்டுக்குள் போனார். பின்னாலேயே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி சுவரில் சாய்ந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு குண்டானை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற, தம்பி? இத கொண்டுபோய் அடுப்படியில வையி."