என் வாயையே பார்த்த மாணவர்

மூன்று வருடங்களுக்கு முன், வெள்ளகோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நான் கீபோர்டும் ஹார்மனியும் வீட்டிலேயே சொல்லித் தருகிறவள். ஒரு மெட்டோடு சேர்ந்து எந்தெந்த ஸ்வரங்கள் ஒலித்தால் பொருந்தும், அதை நான்கு குரல்களுக்கு எப்படிப் பிரித்து எழுதுவது என்பதுதான் பாடம். இதற்கெல்லாம் நம் ஊரில் ஆள் வருமா என்று சொந்தக்காரர்கள் கேலி பேசாத நாளில்லை. வந்த நாலைந்து பேரும் கல்லூரிப் பிள்ளைகள்தான்.

இந்த மாணவர் அப்படியில்லை. வயது நாற்பத்தைந்து இருக்கும், தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டுபவர். "ஒரு மெட்டு பல வருசமா மனசுல கெடக்குதுங்க டீச்சர். அதை நாலு கொரலுக்கும் நானே முழுசா எழுதோணுமுங்க. அதுக்கு ஆகற வரைக்கும் சொல்லிக்குடுத்தாப் போதும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. காலை பத்து மணிக்கு டாண் என்று வந்து நிற்பார்.

ஆள் கெட்டிக்காரர். விதிகளை ஒருமுறை சொன்னால் போதும். எழுதிய இசையைக் கையில் கொடுத்தால் எங்கே எந்த ஸ்வரக் கூட்டு வருகிறது, ஏன் வருகிறது என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுவார். ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்ப்பார். பார்வை உதட்டை விட்டு நகராது. கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால், "இன்னொருக்கா சொல்லுங்க" என்பார். திரும்ப முகத்தைப் பார்க்கத்தான் இந்தச் சாக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஐந்து மாதம் பொறுத்ததே பெரிய விஷயம்.

ஒரு ஞாயிறு, காதால் கேட்டு எழுதும் பயிற்சி வைத்தேன். வேண்டுமென்றே கீபோர்டைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எட்டு கூட்டுகளை வாசித்தேன். நோட்டை வாங்கிப் பார்த்தால் எட்டும் தப்பு. எல்லாம் முதல் மாதப் பாடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வகுப்புக்காக இரண்டு மாணவிகள் உட்கார்ந்திருந்ததைக்கூட நினைக்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, "நீங்க பாடம் படிக்க வர்றீங்களா, என் மூஞ்சியப் பார்க்க வர்றீங்களா? இனிமே வராதீங்க" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "செரிங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நோட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுவாரம் அந்த நோட்டைக் கேட்டு அவர் மனைவி வந்தார். அவரும் தறி ஓட்டுகிறவர்தான். நான் விறைப்பாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அந்தம்மாவும் என் வாயையே பார்த்தார். எனக்குச் சுரீரென்றது. "ஏங்க, நீங்களும் இப்படிப் பார்க்கறீங்க?" என்று கேட்டேன்.

"தறிச் சத்தத்துல பேசறது காதுல விழுகாதுங்க கண்ணு. வாயப் பாத்துத்தான் பேசிக்குவோம். அதே பழக்கமாப் போச்சு. அவருக்கு ஒரு காது சுத்தமாப் போயிருச்சுங்க. இன்னொன்னும் போயிட்டே இருக்குது. சொன்னா நீங்க சேத்துக்க மாட்டீங்கன்னு மறைச்சுட்டாரு. முழுசாப் போறதுக்குள்ள அந்த மெட்ட ஒருக்கா வாசிச்சுக் கேட்டரோணும்னு இருந்தாருங்க."

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அந்த மெட்டு இருந்தது. பாதி வரை நான்கு குரலும் பிசகில்லாமல் எழுதியிருந்தார். அதற்குமேல் வெறும் மெட்டு மட்டும்தான். "அவரை வரச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"வர மாட்டாருங்க. எங்க ஊட்லயும் வயசுக்கு வந்த பொண்ணு இருக்குது. அந்தப் பேச்சுக்கு அப்பறம் எப்படீங்க வருவாரு?" அந்தம்மா குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மதியம் தறிக்குடோனுக்கே போனேன். உள்ளே கால் வைத்ததும் காது அடைத்துக்கொண்டது. அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். எதிரே போய் நின்று, "தப்பு பண்ணிட்டனுங்க அண்ணா, மன்னிச்சுக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குப் புரிந்தது, தலையை ஆட்டினார். பிறகு நிதானமாக இரண்டு மூன்று வாக்கியங்கள் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் அடுத்த தறிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் வரவேயில்லை. அன்றைக்கு அவர் என்னை மன்னித்தாரா, இனி எந்தக் காதை வைத்து அந்த மெட்டை முடிப்பது என்று கேட்டாரா, தெரியாது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற நான் அதைத் தெரிந்துகொள்ளாமலே திரும்பி வந்தேன் என்பது இன்றும் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.