முகத்துவாரம் தாண்டும்வரை

எங்கள் ஊர் தீவு என்று சொன்னால் ராயபுரத்துச் சொந்தக்காரர்கள்கூடச் சிரிப்பார்கள். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் ஆறும் உப்பங்கழியும். இதைத் தீவு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? முதலில் நகராட்சியாக இருந்தோம், பிறகு மாநகராட்சி என்றார்கள். போர்டு மாறியது. குப்பை வண்டி பாலத்தோடு திரும்பிப் போவது மட்டும் மாறவில்லை.

மாறாத இன்னொன்று சாவுக் கட்டுப்பாடு. ஊரில் ஒரு உயிர் போனால், சவம் எடுக்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது. தெரிந்தே இறங்கினால் ஊர்க்கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்த வருட மழையில் வெள்ளத்தோடு எங்கிருந்தோ எண்ணெயும் வந்தது. ஆறு கறுத்துப் போனது. எங்கள் மீன் என்றாலே டோல்கேட் மார்க்கெட் பக்கம் மூக்கைப் பொத்தினார்கள். படகுகள் வாரக்கணக்கில் கரையிலேயே கிடந்தன. ஒருவழியாக, திங்கட்கிழமை விடிந்ததும் தொழிலுக்குப் போகலாம் என்று ஊரில் முடிவானது. எல்லா வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை விடியும் நேரத்தில் அப்பா போய்விட்டார். ஒரு வருடமாகப் படுக்கை, ஓயாத இருமல். அம்மா அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"போட்டுங்க முகத்துவாரம் தாண்டட்டும். அப்பால அயுவலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற அப்பனுக்கு அழுவதற்கு நேரம் காலம் பார்க்க வேண்டுமா? வெளியே ஆண்கள் என்ஜினைத் தூக்கிக்கொண்டு, பேசிச் சிரித்தபடி போவது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வீட்டுக்காரர் வந்தார். அப்பாவோடு ஒரே படகில் போனவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவருடைய ஐஸ் பெட்டி எங்கள் வீட்டில், அப்பாவின் கால்மாட்டில் இருந்தது. அண்ணன் தூங்குகிறாரா என்று கேட்டார். இப்போதுதான் கண்ணசந்தார் என்றாள் அம்மா. குரல் பிசகவே இல்லை. அவர் போர்வையைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். பிறகு பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்.

என்ஜின் சத்தம் ஒவ்வொன்றாகத் தேய்ந்தது. கடைசிப் படகும் தாண்டியதும் அம்மா கதவைத் திறந்து வைத்து, இப்போது அழு என்றாள். வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. அடக்கி வைத்தது எங்கே போய்த் தொலைந்ததோ, தேடினாலும் கிடைக்கவில்லை. பெண்கள் வந்து மாரடித்து அழுதார்கள். யார் வீட்டுச் சாவோ என்பதுபோல நான் உட்கார்ந்திருந்தேன். எப்போது உயிர் போனது என்று கேட்டவர்களிடம் ஏழு மணிக்கு என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. சாமியானா வந்தது, பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, ஃபிரீசர் பெட்டி வந்தது. அதற்கு பிளக் எங்கே என்று ஒருவன் கேட்டான். காட்டினேன்.

மதியம் படகுகள் திரும்பின. அடுத்த வீட்டுக்காரர் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். முழங்கை வரை கறுப்பு. அம்மாவின் எதிரில் குந்தி உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார்.

"காலைல சுவத்துல காது வச்சேன் அண்ணி. இருமல் கேக்கல. தெரிஞ்சிகினுதான் பெட்டியத் தூக்கினேன்."

"மீனு கெடச்சுதா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்ல அண்ணி. வலை பூரா எண்ணெதான்."

அப்போதுதான் அம்மா வாய்விட்டு அழுதாள். ஒருவழியாக அழுகிறாளே என்று பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அப்போதும் வரவில்லை. அந்தக் கறுப்பு தண்ணீரில் போகாது. உள்ளே போய், அவர் கை கழுவ மண்ணெண்ணெய் எடுத்துவந்தேன்.