அலைக்குளத்துக் கெண்டை

காவிரிப் பாசன வாய்க்காலில் அனுமதியின்றி மோட்டார் வைத்தால் பறிமுதல் செய்ய வேண்டும் என்பது விதி. பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அது மனப்பாடம்.

எங்கள் வயலுக்கு மேற்கே, அதே வாய்க்கால் ஓரம் புதிதாகத் திறந்த தீம் பார்க்குக்கு அக்கா, மகள், பேத்தியோடு போனேன். அலைக்குளத்தில் பேத்தி அலறினாள். “தாத்தா, காலுல மீனு!”

வயலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா குனிந்து பார்த்தாள். “கெண்டைக் குஞ்சுடா. நம்ம வாய்க்கா மீனு. அங்க நடவு கருகுது, இங்க அலை விடுறானுங்க.”

சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. கரைவேட்டி மேனேஜர் சிரித்தார். “சாரிங்க சார், ஃபில்டர் ரிப்பேரு. இனிமே மீன் வராதுங்க.”

எங்கள் வயல் தண்ணீரில் குளிக்க நானே டிக்கெட் எடுத்திருந்தேன்.

அன்றே மனு கொடுத்தேன். ‘ஆய்வு செய்யப்படும்’ என்று பதில் வந்தது, காய்ந்த பயிரில் அக்கா ஆடுகளை இறக்கிவிட்ட அன்று.